ஏழாம் எண் பிராணியின் சம்மதம்

இந்த வரலாற்றை எனக்கு முதன்முதலில் சொன்னவர் ஞானகுமாரி. பூவிருந்தவல்லியில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு அடுத்த வகுப்பறை அவருடையது. அவருடைய தகப்பனார் பிரகாசம், இதில் வரும் நிலையத்தில் கம்பவுண்டராக இருந்தவர். ஆகவே எடை முதலிய விவரங்களில் பிழை ஏதேனும் இருந்தால் அது அரசாங்கத்தின் பிழையே ஒழிய என்னுடையது அன்று.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டாண்டுகள் முன்பு, அம்பத்தூர் ஏரிக்குக் கிழக்கே ஓர் ஓட்டுக் கட்டடத்தில், ‘பிராணிகள் இரத்தக் கொதிப்பு நீண்டகாலப் பரிசோதனைக் கிளை நிலையம்’ நிறுவப்பெற்றது. பெயர்ப்பலகை வாயிற்சுவரைவிட நீளமாக இருந்தமையால் அதனை நடுவே அறுத்து, ஒரு பாதியை இடப்புறமும் மறுபாதியை வலப்புறமும் மாட்டினார்கள். இடப்புறமாக வந்தவர்கள் மாட்டுக்கு வைத்தியம் கேட்டார்கள். வலப்புறமாக வந்தவர்கள் பரீட்சை எந்தத் தேதியில் என்று கேட்டார்கள்.

நிலையத்தின் நோக்கம் உயர்ந்தது. சர்ப்பகந்தி என்னும் வேரைப் பொடித்துக் கொடுத்தால் இரத்தக் கொதிப்பு தணிகிறது என்பது அந்நாளில் தெரிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் தின்றால் என்ன ஆகும் என்பது தெரியவில்லை. அதைத் தின்னப் பெரிய மனிதர்கள் பலர் காத்திருந்தார்கள். எனவே முதலில் ஆடுகள் தின்று பார்ப்பது நலம் என்று அரசாங்கம் தீர்மானித்தது.

அக்காலத்தில் இரத்தக் கொதிப்பு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. தாசில்தாருக்கு இருந்தது. மிட்டாதாருக்கு இரண்டு முறை வந்து போயிருந்தது. ரெவினியூ இன்ஸ்பெக்டர் தமக்கும் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். அவருடைய சம்பளத்தை அறிந்தவர்கள் நம்பவில்லை. இத்தகைய காலத்தில் மண்ணூர்பேட்டை முத்தம்மாளின் ஆட்டுக்கு அது வரப்போகிறது என்று தெரிந்தபோது, ஊரில் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். வேறு சிலர் புதிதாகப் பேசத் தொடங்கினார்கள்.

முத்தம்மாள் ஒரு காணி நிலமும் உரத்த குரலும் உடையவள். அவள் கணவன் வரதனுக்கு அந்த ஆண்டு ஐப்பசியில் வாந்திபேதி கண்டது. பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன பிறகு, அவள் கங்கையம்மன் கோயிலுக்கு ஓடி, வீட்டிலிருந்த ஆட்டுக்குட்டியை வளர்த்து அம்மனுக்குத் தருவதாக நேர்ந்துகொண்டாள். வரதன் பிழைத்தான். குட்டிக்குத் தீனிதான் இல்லை. அந்தச் சமயத்தில் நிலையத்தார் ஆடு கேட்டார்கள். தீனியும் கொட்டகையும் அரசாங்கத்தைச் சேர்ந்தவை என்றார்கள்.

“அம்மன் ஆட்டுக்கு சர்க்காரு தீனி போடுது. இதுல அம்மனுக்கு இன்னா நஷ்டம்?” என்றாள் முத்தம்மாள்.

நிலையத்தின் தலைமைக் குமாஸ்தா பரந்தாமன் பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்: “பெயர்?”

“முத்தம்மா, சாமி.”

“உன் பெயர் எதற்கு? பிராணியின் பெயரைச் சொல்.”

“தொரை.”

பேனா நின்றது. “அதை எழுத முடியாது. இது மேலே போகிற காகிதம். மேலே இருப்பவர்களே துரைமார்கள்.”

“அப்ப இன்னான்னு கூப்புடுவீங்க?”

“ஏழு.”

அன்று கம்பவுண்டர் பிரகாசம் குட்டியைத் தராசில் நிறுத்தார். ஐந்து வீசை பத்துப் பலம்.

நிலையத்துக்குத் தலைவர் டாக்டர் ராஜசேகரன். சீமையில் படித்துத் திரும்பியவர். காலையில் காப்பிக்கு முன்பும் காப்பிக்குப் பின்பும் தம் கையில் தாமே பட்டையைச் சுற்றி இரத்தக் கொதிப்பு பார்த்துக்கொள்பவர். அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. ஆடுகளுக்கு மருந்து இருந்தது, நோய் இல்லை. ஒவ்வோர் ஆட்டின் முன்னங்காலிலும் பட்டை சுற்றிப் பார்த்தார். எல்லாம் அவமானப்படத்தக்க ஆரோக்கியத்தோடு இருந்தன. சிறுநீரகத்தின் இரத்தக் குழாயை வெள்ளிக் கவ்வியால் இறுக்கினால் கொதிப்பு உண்டாகும் என்று புத்தகத்தில் கண்டிருந்தது. கவ்வி கேட்டு எழுதினார். காகிதக் கவ்விகள் ஏற்கெனவே ஒரு பெட்டி வழங்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

அப்போதுதான் பரந்தாமன் தம் ஆயுளில் ஒரே ஒருமுறை ஒரு யோசனை சொன்னார்.

அதே கட்டடத்தின் மறுபாதியில் நிலவரிக் கச்சேரி இருந்தது. பட்டா மாற்ற வந்தவர்கள், வரித் தள்ளுபடிக்கு வந்தவர்கள், எதற்காக வந்தோம் என்பதை மறந்தவர்கள் ஆகியோர் அதன் தாழ்வாரத்தில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பது வழக்கம்.

“அங்கே உட்காருகிற மனிதர்களுக்கெல்லாம் கொதிப்பு வருகிறது, ஸார். ஆட்டுக்கு மட்டும் வராமலா போகும்?” என்றார் பரந்தாமன்.

ஆடுகள் தாழ்வாரத்துத் தூண்களில் கட்டப்பட்டன. பரிசோதனை செம்மையாக நடைபெற வேண்டும் என்பதற்காக, மனுதாரர்களுக்குச் செய்வதெல்லாம் ஆடுகளுக்கும் செய்யப்பட்டது. பியூன் அவற்றைக் கவனியாமல் கடந்து போனான். கதவு திறக்கும்போதெல்லாம் ஆடுகள் தலைதூக்கின, கதவு மூடியது. மாலையில் “நாளைக்கு வா” என்று சொல்லி அவிழ்த்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் குழாயில் பாதரசம் மேலே ஏறியது. மூன்றாம் எண் பிராணி தூணை முட்டி உடைத்தது. டாக்டர் ராஜசேகரன் மகிழ்ச்சியில் அன்று தம் கொதிப்பை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்தார்.

பிறகு மருந்து தொடங்கியது. நாள்தோறும் காலையில் வாழைப்பழத்தில் பொடியை வைத்துக் கொடுப்பார் பிரகாசம். பாதரசம் இறங்கியது. ஆண்டொன்று கழிந்து அடுத்த சித்திரை நெருங்கியபோது ஆடுகளின் குணமே மாறியிருந்தது. கண்ணிமைகள் பாதி தாழ்ந்தன. முட்டுவதை மறந்தன. நாய் குரைத்தால் அதன்மீது இரக்கம் கொண்டாற்போலப் பார்த்தன. தழையைத் தின்றன, தின்றதைப் பற்றி அவற்றுக்குக் கருத்து எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. குளம்பை யாரேனும் மிதித்தால், மிதித்தவர் காலை எடுக்கும் வரை காத்திருந்தன. “இதுபோல் மனுதாரர்கள் வாய்த்தால் கச்சேரி எப்படி நடக்கும்” என்று நிலவரிக் குமாஸ்தாக்கள் பெருமூச்சு விட்டார்கள்.

இதற்கிடையே முத்தம்மாளின் மகள் தாட்சாயிணிக்கு ஐயப்பன்தாங்கலில் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளையின் தாய் அன்னம்மாள் எளிதில் இணங்குகிறவள் அல்லள். ஆனாலும் இரத்தக் கொதிப்பு உள்ள ஆடு ஒரு வீட்டில் இருக்கிறதென்றால் அந்த வீடு சாமானியமாக இராது என்று கருதி இணங்கினாள். ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்.

“அம்மனுக்கு நேந்துகினத மொதல்ல முடிச்சுடு, சம்மந்தியம்மா. அம்மனுக்கே பாக்கி வச்ச ஊட்ல நான் பொண்ணு எடுக்கமாட்டேன்.”

சித்திரைத் திருவிழாவுக்கு முன்தினம் முத்தம்மாள் பரந்தாமன் முன்பு போய் நின்றாள்.

“பிராணிக்கு விடுப்பு வேண்டுமா? காரணம்?” என்றார் அவர்.

“தெய்வ காரியம், சாமி.”

“பணிக்கு என்று திரும்பும்?”

“திரும்பாதுங்க. வெட்டப்போறோம்.”

“திரும்பாத பிராணிக்கு விடுப்பு கொடுக்க விதி இல்லை.”

முத்தம்மாள் யோசித்தாள். “அப்ப திரும்பும்னு எய்திக்கோங்க.”

எழுதிக்கொண்டார்.

நேர்ந்துவிட்ட ஆட்டை வெட்டுவதற்கு முறை ஒன்று உண்டு என்பது இப்பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் தலையிலும் முதுகிலும் மஞ்சள்நீரை ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள், ஆடும் சம்மதித்தது என்று பொருள். சிலுப்பாத ஆட்டின்மேல் கத்தி வைக்கக்கூடாது. ஊற்றுவது குளிர்ந்த நீராகையால் இதுவரை எந்த ஆடும் மறுப்புத் தெரிவித்ததில்லை.

பூசாரி முனியன் ஒரு செம்பு ஊற்றினான். ஏழாம் எண் பிராணி நின்றது. இன்னொரு செம்பு. மூக்கு நுனியில் துளி தொங்கியது, அதைக்கூட உதறவில்லை. குடத்தோடு கவிழ்த்தான். ஆடு அவனை ஏறிட்டுப் பார்த்தது. அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்று பிற்காலத்தில் முனியன் சொல்லிக்கொண்டிருந்தான். காதில் ஊதினார்கள், பறையை அதன் முகத்தருகே அடித்தார்கள். அது மெல்லக் கண்ணை மூடிக்கொண்டது.

“இன்னாடா இது, கச்சேரி ஆளு மாறி நிக்கிது?” என்றான் கூட்டத்தில் ஒருவன்.

“அம்மா ஏத்துக்கல. அவுத்துக்கினு போ” என்றான் முனியன்.

“நல்லா ஊத்திப் பாரு நைனா” என்றாள் முத்தம்மாள்.

“இன்னும் இன்னா ஊத்தறது? ஏரிலதான் தள்ளணும்.”

அன்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஆட்டுக்கே இஷ்டமில்லாத எடத்துல எம்புள்ள எப்டி இருப்பான்? ஆடி வரிக்கும் பாப்பேன், சம்மந்தியம்மா. அதுக்குள்ள அது சிலுப்பணும். இல்லாட்டி திருவேற்காட்ல ஒரு எடம் கீது.”

மறுநாள் பொழுது விடிந்ததும் முத்தம்மாள் ஆட்டோடு கச்சேரியில் நின்றாள். விவரத்தைக் கேட்ட பரந்தாமனுக்கு இதில் சிக்கலே புலப்படவில்லை.

“ஆடு ஆட்சேபணை தெரிவித்ததா?”

“ஒண்ணுமே தெரிவிக்கல சாமி. அதான் கஷ்டம்.”

“கெடுவுக்குள் ஆட்சேபணை வரவில்லை என்றால் சம்மதம் என்றுதான் பொருள். இந்தத் தேசத்தில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடக்கிறது. உன் நிலத்தை அளந்து வரியை ஏற்றினோமே, நீ சிலுப்பினாயா?”

ஏழாம் எண் பிராணிக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். முத்தம்மாள் அதை முனியனிடம் கொண்டுபோனாள். முனியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மரியாதையுடன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “அம்மாவுக்கு தமிழும் கொஞ்சம் தெலுங்குந்தான் தெரியும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இனி மருந்தை நிறுத்துவது ஒன்றே வழி. அவள் டாக்டர் ராஜசேகரனின் அறைக்குள் நுழைந்தாள். குடம் நீரைக் கவிழ்த்தும் ஆடு அசையவில்லை என்று அவள் அழாத குறையாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் மலர்ந்தது.

“குளிர்ந்த நீரா? ஒரு குடமா? பரந்தாமன், இதைக் குறித்துக்கொள்ளும். எவ்வளவு அருமையான பலன்.”

“பொடிய நிறுத்துங்க சாமி. எம்பொண்ணு கல்யாணம் நிக்கிது.”

“அதற்கு மேலே எழுதி அனுமதி பெற வேண்டும், அம்மா. நீ ஒரு மனுக் கொடு. பதில் வரும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திரு.”

அப்போது அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இதே தாழ்வாரத்தில், இதே நேரம் கிடந்து, மருந்து மட்டும் உண்ணாத பிராணி ஒன்று ஒப்பீட்டுக்கு வேண்டும். இல்லையேல் அறிக்கை திரும்பி வந்துவிடும். ஏழு ஆடுகளுக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டது. புது ஆடு வாங்கப் பணமில்லை. அவர் முத்தம்மாளைப் பார்த்தார். பரந்தாமனும் பார்த்தார்.

“எப்படியும் உட்காரப்போகிறாள், ஸார்” என்றார் பரந்தாமன்.

இவ்வாறாக முத்தம்மாள் எட்டாம் எண் ஆனாள்.

வெள்ளிதோறும் கையில் பட்டை சுற்றினார்கள். நெல்மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் அவளை உட்காரவைத்து எடை பார்த்தார்கள். முதல் வெள்ளி முப்பத்தெட்டு வீசை இருந்தாள். மூன்றாம் வாரம் பாதரசம் மளமளவென்று ஏறியது. “உனக்கும் வந்துடுச்சும்மா” என்றார் பிரகாசம். அன்று மாலை அவள் மண்ணூர்பேட்டைத் தெருவில் நடந்த நடை தனி. செய்தி ஐயப்பன்தாங்கல் வரை போயிற்று. “சம்மந்தியம்மாளுக்கே ரத்தக் கொதிப்பாமே” என்று அன்னம்மாள் தன் தெருவில் நாலு வீடு ஏறிச் சொன்னாள். வரதன் ஒருவன்தான் மகிழவில்லை.

“நான் அன்னிக்கே போய்ச் சேந்திருந்தா உனக்கு இவ்ளோ அலைச்சல் இல்ல” என்றான்.

“இப்ப போயிடாத. அதுக்கும் ஒரு மனு குடுக்கச் சொல்லுவாங்க” என்றாள் முத்தம்மாள்.

பெருமை வைகாசியோடு தீர்ந்தது. எழுந்து போனால் முறை போய்விடும் என்பதால் மதியம் அவள் உண்ணப் போவதில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள்; உட்கார்ந்தாள். அருகே ஏழாம் எண் பிராணி அசைபோட்டுக்கொண்டு நின்றது. வாழைப்பழம் தின்று அது பளபளத்தது. அதனைப் பார்க்கப் பார்க்க முத்தம்மாளுக்கு நெஞ்சு படபடத்தது.

“தே தொரை, ஒரே ஒருவாட்டி சிலுப்பேன்” என்று அதன் காதருகே கெஞ்சினாள். பிறகு கொம்பைப் பிடித்து உலுக்கினாள். ஆடு உலுக்கிய திசையில் குலுங்கி, விட்ட இடத்தில் நின்றது.

ஒருநாள் அவள் பொடித் தட்டோடு வந்த பிரகாசத்தை வழிமறித்தாள். “எனுக்கும் அதுல ஒரு சிட்டிகை குடு அண்ணாத்தே. மண்ட வெடிச்சிடும் போல கீது.”

பிரகாசம் நல்லவர்; ஆனாலும் உத்தியோகஸ்தர். “உனுக்குக் குடுத்தா கணக்கு கெட்டுப்பூடும்மா. நீ மருந்தில்லாத உருப்படி. வேணும்னா தண்ணி குடி.”

“இந்தத் தண்ணியக் குட்ச்சா இந்தக் கச்சேரி புத்தி வந்துடும். வேணாம்.”

ஆடி மூன்றாம் ஞாயிறு கங்கையம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். அதற்கு முன்தினம் மேலிடத்துப் பதில் வந்தது. ஏழாம் எண் பிராணியின் மருந்தைப் பரிசோதனை முடிந்தபின் நிறுத்தலாம். பரிசோதனை என்பது பிராணி முடியும்போது முடியும். அன்றியும், நிலையத்தில் சேர்ந்த பிறகு பிராணி அடைந்த வளர்ச்சி முழுவதும் அரசாங்கத் தீனியால் ஆனது; ஆகவே அரசாங்கச் சொத்து. முத்தம்மாளுக்கு இதைப் படித்துச் சொன்னார்கள். அவள் எழுந்து நேரே கோயிலுக்குப் போய், பந்தல் நட்டுக்கொண்டிருந்த முனியனையும், கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைக்க வந்திருந்த அன்னம்மாளையும், பறையடிக்கக் கூலிக்கு வந்திருந்தவர்களையும் அழைத்துக்கொண்டு திரும்பினாள். வழியில் கண்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கச்சேரி முற்றம் நிறைந்தது.

டாக்டர் ராஜசேகரன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். “சத்தமில்லாமல் முடித்து அனுப்பும்” என்று உள்ளிருந்தபடியே பரந்தாமனிடம் சொன்னார்.

பரந்தாமன் வாயிற்படியில் நின்றார். “இதோ பாருங்கள். நேர்ந்துகொண்ட நாளில் பிராணி என்ன எடை?”

“சேர்க்கும்போது அஞ்சு வீசை பத்து பலம், சார்” என்றார் பிரகாசம்.

“இப்போது?”

“இருபத்துநாலு வீசை.”

“வீசைக்கு நாற்பது பலம். ஆகப் பதினெட்டு வீசை முப்பது பலம் அரசாங்கத்துடையது. அம்மனுக்குச் சேர வேண்டியது ஐந்து வீசை பத்துப் பலத்துக்கு மேல் ஒரு குன்றிமணியும் இல்லை.”

முனியன் ஆட்டைச் சுற்றி ஒருமுறை வந்தான். “அத்த மட்டும் எப்டி சாமி தனியா வெட்றது? முன்னாடி கீதா, பின்னாடி கீதா?”

“ஆட்டை வெட்டலாகாது, அது பணியில் இருக்கிறது. சேர வேண்டியது அந்த எடை. அந்த வீட்டு உயிரின் சதையாக இருந்தால் போதும்.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்போது பிரகாசம், எவ்வித உள்நோக்கமும் இன்றி, முந்தின நாள் வெள்ளிக்கிழமை பார்த்த எடையைச் சொன்னார். “முத்தம்மா சித்திரைல முப்பத்தெட்டு வீசை இருந்துச்சு. நேத்து முப்பத்திரண்டு வீசை முப்பது பலம்.”

பரந்தாமன் விரல்விட்டுக் கழித்தார். மறுபடியும் கழித்தார். “ஐந்து வீசை பத்துப் பலம் குறைந்திருக்கிறது. சரியாக இருக்கிறது” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. முனியன் மேலே பார்த்தான். பறைக்காரர்கள் அன்றைய கூலிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். கூழுக்கு மாவு கரைத்தாகிவிட்டது. பந்தலில் பாதி வேய்ந்தாகிவிட்டது.

“எட சரியாத்தான் கீது,” என்றான் முனியன். “ஆனா சிலுப்பணும். சிலுப்பினா ஏத்துக்குவேன்.”

“இன்னாய்யா சொல்ற நீ?” என்று முத்தம்மாள் திரும்புவதற்குள், தாழ்வாரத்து மூலையிலிருந்த மனுதாரர்களின் குடிநீர்ப் பானையை முனியன் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தான்.

முத்தம்மாள் உச்சி முதல் உள்ளங்கால் வரை சிலுப்பினாள். நீர்த்துளி தெறித்துப் பரந்தாமனின் மூக்குக் கண்ணாடி நனைந்தது. அப்படியொரு சிலுப்பலை அந்த வட்டாரத்தில் எந்த ஆடும் கொடுத்ததில்லை என்பார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பறை முழங்கியது. நீரினால் சிலுப்பினாளா, ஆத்திரத்தினால் சிலுப்பினாளா என்று எவரும் கேட்கவில்லை. சிலுப்பிய ஆட்டை நிறுத்தி யாரும் காரணம் கேட்டதில்லை அல்லவா?

“அம்மா ஏத்துக்கினா” என்று அன்னம்மாள் ஓடிவந்து ஈரத்தோடு அவளைத் தழுவிக்கொண்டாள். “ஆவணி மொத முகூர்த்தம் சம்மந்தியம்மா. ஆட்ட வெட்ற ஊடு ஆயிரம் கீது. தன்னயே குட்த்த ஊடு எங்க கீது?” தாட்சாயிணியை அழைத்துவந்து அங்கேயே பூ வைத்தார்கள்.

முத்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கடந்தான் தீந்துபூட்சே. எங்க தொரைய அவுத்து வுடுங்க.”

“அதில் உன் பங்கு ஐந்து வீசை பத்துப் பலம். எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினால் அவிழ்த்துக்கொண்டு போகலாம்” என்றார் பரந்தாமன்.

அவள் ஆட்டைப் பார்த்தாள். அது அவளை மன்னித்தது.

டாக்டர் ராஜசேகரனின் அறிக்கை அந்த மாதமே மேலே போய்ப் பாராட்டுப் பெற்றது. அதன் முடிவுரை வருமாறு: மருந்து உண்ட பிராணிகள் யாவும் நீண்டகாலம் நலமாகவும் கொழுமையாகவும் அமைதியாகவும் உள்ளன. மருந்து உண்ணாத பிராணி ஒன்று இளைத்தது, எரிச்சலுற்றது, இடையிடையே பேசியது. ஆகவே மருந்தும் குற்றமற்றது, தாழ்வாரமும் குற்றமற்றது.

முத்தம்மாள் சிலுப்பிய அன்று மாலை கச்சேரி பூட்டும் முன் பரந்தாமன் பேனாவைத் தொட்டுக்கொண்டு, பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே, மேலிடத்தார் கேட்டால் காட்டுவதற்காக, சிவப்பு மையில் ஒரு வரி எழுதினார். கங்கையம்மனுக்குத் திருப்பிச் செலுத்தியது: ஐந்து வீசை பத்துப் பலம்.